இரண்டு போத்தல் பாணி

மார்க்கம், கனடா,
பங்குனி, ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். பொங்கலுக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. "பிஸி அப்பா" என்று இரண்டு மெசேஜ் மட்டும் வந்தது. வேலை கூடவாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த முறையும் பாணி காய்ச்சவென்று பின்வளவு மேப்பிள் மரத்தில் நீர் எடுக்கத் துளை போட்டேன். இரவு சைபருக்குக் கீழே, பகல் மேலே என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் வந்ததும் டிரில்லை எடுத்துக்கொண்டு போனேன். எட்டு மில்லிமீற்றர் துளை, நாலு சென்ரிமீற்றர் ஆழம், கொஞ்சம் மேல்நோக்கிச் சரிவாக. குழாயைத் தட்டி முடிக்கு முன்னமே சொட்டத் தொடங்கிவிட்டது. குடித்துப் பார்த்தால், கிணற்றுத் தண்ணீரில் ஒரு கரண்டி சீனி போட்ட மாதிரி. ஊரில் பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசாவிட்டால் கருப்பநீர் கள்ளாகிவிடும் என்று அப்பு சொல்வார். இங்கே அந்தச் சுண்ணாம்பு வேலையைக் குளிர் பார்த்துக்கொள்கிறது. வாளியைச் சுற்றி ஸ்னோவைக் குவித்து வைத்தேன், அவ்வளவுதான்.

குசினிக்குள் காய்ச்ச அம்மா இனி விடமாட்டா. போன வருசத்து ஆவியில் அலுமாரிக் கதவெல்லாம் இன்னும் பிசுபிசு என்கிறா. அதனால் வெளியே, கூழ் காய்ச்சுகிற பெரிய சட்டியில். நாற்பது லீற்றருக்கு ஒரு லீற்றர் என்பது சுகர் மேப்பிள் கணக்கு. நம்முடையது சில்வர் மேப்பிள், இனிப்புக் குறைவு. 58 லீற்றர் வற்றி ஒரு லீற்றர் வந்தது.

இரண்டாவது ஈட்டைக் கருக்கிப்போட்டேன். 104 பாகை வந்ததும் இறக்கவேண்டும். 102 வர நாள் முழுக்க எடுக்கும், பிறகு கண்மூடித் திறக்க ஏறிவிடும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நீ என்று நினைத்து ஓடினேன். பெரியம்மா. என்னவோ கேட்டா, நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்தால் சட்டி முழுக்கக் கரி.

மருமகள் போடுகிற படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறா. நீதானே படமெடுக்கிற ஆள், அதுதான் ஒன்றிலும் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோயிலில் யார் கேட்டாலும் "கல்கரியில் எஞ்சினியர்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்கிறேன். அவ்வளவு பெரிய எஞ்சினியருக்குத் தாயின் போனை எடுக்க ஒரு நிமிசம் இல்லையா? சரி, விடு. இரவில் ஐஸ் ரோட்டில் கார் ஓடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

சட்டியைச் சுரண்டிக்கொண்டு இருந்தபோது உன் மூன்றாம் வகுப்பு நினைவு வந்தது. மேப்பிள் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்களே. தகப்பன்மார் யாராவது பஸ்ஸில் கூட வரலாம் என்று கடிதம் கொண்டுவந்தாய். அன்று ஷிஃப்ட் என்றேன். ஷிஃப்ட் இல்லை, தம்பி. உன் ரீச்சரோடும் மற்றப் பெற்றோரோடும் இங்கிலிஷ் கதைக்க வெட்கம். ஒரு கோப்பிக் கடை வாசலில், காருக்குள்ளேயே பின்னேரம் வரைக்கும் இருந்தேன். நீ இலை வடிவ மேப்பிள் மிட்டாய் ஒன்றைப் பாதி கடித்து, மீதியை எனக்கென்று ரிசுப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தாய். வேலைக் களைப்பு மாதிரி நடித்துக்கொண்டே அதைத் தின்றேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

ஒளித்திருக்கிற பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நேற்றுக் கிளையில் சிவப்பு மொட்டுக் கண்டேன். மொட்டு விட்டால் பாணியில் ஒரு வாடை ஏறும், குழாயைக் கழற்றிவிட்டேன். அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு இருக்கிறது. எந்த விலாசத்துக்கு அனுப்ப என்று எழுது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவா, தனித்தனியாகக் கட்டவா என்பதையும் சொல். வேறொன்றும் கேட்கமாட்டேன். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா