வில்லன் செத்த பிறகு சகதியை யார் அள்ளுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரழிவுக்குப் பிந்தைய உலகத்தில் நடக்கும் வீடியோ கேம்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசி வில்லன் விழுந்ததும் உலகம் பிழைத்துவிடுகிறது, அந்த நம்பிக்கைக்காகத்தான் பிள்ளைகள் விடிய விடிய ஆடுகிறார்கள் என்கிறார் கட்டுரையாளர். விடிய விடிய ஆடுவது உண்மைதான். எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லே சாட்சி. மற்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் உதாரணம் காட்டிய ‘ஃபால்அவுட்’ முதல் பாகத்தையே (1997) எடுத்துக்கொள்வோம். அந்தக் கதையில் அணுகுண்டு விழுந்தது 2077-ல். நாம் ஆட உட்காருவது 2161-ல். குண்டுக்குத் தப்பியவர்களின் வாரிசுகள் வாழும் நிலவறையில் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் சிப் கெட்டுவிட்டது, 150 நாளுக்குள் வேறொன்று கொண்டுவர வேண்டும். முதல் வேலையே இதுதான். ‘மாஸ்டர்’ என்கிற வில்லன் பிறகுதான் வருகிறான். குண்டு போட்டதும் அவன் இல்லை, சிப்பைக் கெடுத்ததும் அவன் இல்லை. அவனை ஒழித்துவிட்டு வாசலுக்கு வந்தால், நிலவறைத் தலைவர் நம்மை உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்புகிறார். வெளியே பொட்டல்காடு கிடந்தபடி கிடக்கிறது.

கட்டுரையாளருக்குச் சாதகமான ஆட்டமும் உண்டு. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆறாம் பாகத்தில் (1994) கெஃப்கா என்கிற வில்லன் உலகத்தைக் கவிழ்த்ததோடு நிற்கவில்லை. கோபுரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எதிர்த்தவர்களை எல்லாம் எரிக்கிறான். அடித்துக்கொண்டே இருக்கிறவனை நிறுத்தினால் பச்சை துளிர்க்கத்தான் செய்யும். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ‘ஹொரைசன்’? முதல் பாகத்தில் (2017) ஏலாய் என்ற பெண் ‘ஹேடீஸ்’ என்ற இயந்திர மூளையைத் தோற்கடிக்கிறாள். இரண்டாம் பாகத்தில் (2022) சிவப்பாக ஏதோ படர்ந்து பயிரெல்லாம் பட்டுப்போகிறது. பத்தாவது படிக்கும் என் மகன் கேட்டான்: “எப்பா, போன தடவை அவனக் கொன்னாச்சுல்லா? பெறகு ஏன் பயிர் சாவுது?” உலகத்தைப் பராமரித்துவந்த ‘கையா’ என்ற இயந்திர மூளை முன்பே அழிந்துவிட்டது, காற்று, நீர், செடிகொடி என்று அதன் கீழ் வேலை பார்த்தவை ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. அவற்றை ஏலாய் கொல்வதில்லை. தேடிப்பிடித்து, பழைய வேலைக்கே சேர்க்கிறாள். திருச்செந்தூரில் நாம் வருஷா வருஷம் பார்க்கிறதும் இதுதானே! முருகன் சூரனை மயிலும் சேவலுமாக்கி, வாகனமாகவும் கொடியாகவும் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேம் ஆடி மட்டும் நான் தெரிந்துகொள்ளவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மழைதான் வில்லன் என்றால் அவன் இரண்டே நாளில் ஊரைக் காலிசெய்துவிட்டான். தண்ணீர் வடிந்தபின் ஏரலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் கணுக்கால் வரை சகதி. மம்பட்டி போட்டால் தரை பெயரும் என்று அத்தான் சோற்றுத் தட்டால் வழித்து வழித்து வாளியில் போட்டார். நான் கொண்டுபோய்த் தெருவில் கொட்டினேன். தெரு முழுக்க அடுத்த வீடுகளின் சகதி. ஊறி உப்பிய அரிசி மூட்டையின் நாற்றம் மூன்றாம் நாள்தான் அடங்கியது. வயலில் பிசான நெற்பயிருக்கு மேல் முட்டளவு மணல். அதை அள்ளி எங்கே போடுவது என்று பக்கத்து வயல்காரரோடு தொடங்கிய மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. இதில் யாரைச் சுடுவது?

சகதி அள்ளுவதை ஆட்டமாக்கினால் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ (2019) சுமை தூக்கி நடப்பதையே ஆட்டமாக்கியது. ஒருவர் போட்ட பாலத்தில் முகம் தெரியாத இன்னொருவர் நடக்கிறார். ரோடு போட ஆளுக்குக் கொஞ்சம் சாமான் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன வாரம் மகன் அதில் மும்முரமாக இருந்தபோது அக்கா வந்திருந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரோடா போடுத? அன்னைக்கு எங்க வீட்டுக்கு ஒரு வாளியத் தூக்கிட்டு வந்திருக்கலாம்லா, மருமவனே!”

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.