எச்-இன்டெக்ஸும் ஐம்பது ஹெக்டேர் காடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் பெங்களூரு விஞ்ஞானிகளை, அவர்களுடைய கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் எச்-இன்டெக்ஸ் எண்ணின் வரிசையில் நிறுத்திவிட்டு, "சூழலியல்காரர்கள் காட்டில் கழித்த காலத்தில் கட்டுரை எழுதியிருந்தால் முன்னுக்கு வந்திருப்பார்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அச்சுக்குப் போகுமுன் துறை தெரிந்த யாரிடமாவது அந்த வரியைக் காட்டியிருக்கலாமே என்று மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

எச்-இன்டெக்ஸ் தங்களுக்குத் தெரியாததல்ல. 40 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 40 மேற்கோள் என்றால் எண் 40. பத்தே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் 500 முறை மேற்கோள் காட்டப்பட்டவருக்கு எண் 10தான். முதலாமவருக்கு மொத்தம் 1,600 மேற்கோள் இருந்தால் போதும். இரண்டாமவருக்கு 5,000 இருந்தும் அவர் பின்னால் நிற்பார். 2005-ல் இதை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே துறைக்குத் துறை எண் மாறும் என்று எழுதினார். மேற்கோள்களைத் தொகுக்கும் தரவுத்தளங்களில் கூகுள் ஸ்காலரில் ஒரு எண் வரும், ஸ்கோபஸில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும். தாங்கள் எதிலிருந்து எடுத்தீர்கள், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்ற விவரமே கட்டுரையில் இல்லை.

காட்டில் கழித்த காலம் என்கிறீர்கள். நம் ஊர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், முதுமலையில் 1988-ல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து கட்டம் கட்டியது. 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்று 1,250 கட்டங்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் வில்லை. முதல் கணக்கில் ஏறக்குறைய 26,000 மரங்கள். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். விட்டத்தை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். போன முறை வைத்த இடத்திலிருந்து டேப் ஒரு சாண் மேலே தள்ளிவிட்டால் மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு காட்டும். கோடையில் பட்டை சுருங்கினாலும் அப்படியே. 1.3 மீட்டருக்குக் கீழே கவை பிரிந்த மரத்தில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வில்லை பட்டைக்குள் புதைந்துபோனால் அக்கம்பக்கத்து மரங்களின் எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். தொடக்கத்தில் அங்கே அதிகமாக இருந்த கைடியா மரம், யானைகள் முறித்தும் உரித்தும் தின்றதில் சரிந்துபோனது ஆண்டு தவறாமல் எண்ணியதால்தான் தெரிந்தது. ஆய்வுப் பத்திரிகைகளை மேற்கோள் எண்ணிக்கையால் மதிப்பிடும் இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கிறது. இரண்டு ஆண்டில் அந்த மரங்களின் விட்டத்தை மறுமுறை அளக்கும் காலமே வந்திருக்காது.

அந்த மையத்தை 1983-ல் தொடங்கிய மாதவ் காட்கில், 1970-ல் பாஸர்ட் என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஓர் உயிர் எந்த வயதில் எவ்வளவு ஆற்றலை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கும் என்ற கேள்விக்குக் கணித வடிவம் தந்தது. அதை இன்றும் எடுத்தாள்கிறார்கள். 2011-ல் அவர் தலைமையிலான குழு 1,29,037 சதுர கிலோமீட்டர் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சூழலியல் முக்கியத்துவத்துக்கு ஏற்ப மூன்று மண்டலங்களாகப் பிரித்து அறிக்கை கொடுத்தது. எத்தனை சட்டமன்றங்களில், கிராமசபைகளில் அது பேசப்பட்டாலும் இன்டெக்ஸில் மிஞ்சிப்போனால் ஒன்று கூடும். 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் அந்த அறிக்கையைத் தேடி எடுத்தன. பிறகு மறந்தார்கள், தாங்களும்தான்.

இன்னொன்றும் நெடுநாளாக உறுத்துகிறது. காட்கிலிடம் ஆய்வு செய்து, யானைச் சூழலியலை உலகுக்கு எடுத்துச் சொன்ன ரா. சுகுமார் சென்னைக்காரர், நம் மொழிக்காரர். அவரைப் போன்றவர்களைத் தங்கள் பக்கங்கள் எப்போதும் 'சுற்றுச்சூழல் ஆர்வலர்' என்றே குறிக்கின்றன. இதய மருத்துவரை 'இதய ஆர்வலர்' என்று எழுதுவீர்களா? வழித்தடம் அடைபட்ட யானை தோட்டத்தில் நின்றால் 'அட்டகாசம்' என்று தலைப்பு. அது ஏன் அங்கே வந்தது என்று ஆராய்ந்தவர் பெயர் கடைசிப் பத்தியில்கூட வராது.

நான் கேட்பது சிறிய திருத்தம்தான். அடுத்த ஞாயிறு மலரில், அந்தப் பட்டியல் எந்தத் தரவுத்தளத்திலிருந்து எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்றும், வெவ்வேறு துறையினரை அதைக் கொண்டு ஒப்பிட முடியாது என்றும் இரண்டு வரி போடுங்கள். இனி 'சூழலியல் விஞ்ஞானி' என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மல்லேஸ்வரம், பெங்களூரு