மாலைக்கு முன் மூன்று கேள்விகள்: குருசாமிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருசாமிமார்களுக்கு, சாமி சரணம்.

கார்த்திகை நெருங்கிவிட்டது. துளசிமணி மாலையும் கறுப்பு வேட்டியுமாகக் கடைவீதி நிறையத் தொடங்கிவிட்டது. முதல் தேதி விடியற்காலையில் உங்கள் முன் வந்து கழுத்தை நீட்டப் போகிறவர்களில் தினமும் குடிப்பவர்களும் இருப்பார்கள். "இந்த ஒரு மண்டலமாவது மனுஷர் குடிக்காமல் இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டு, பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமார்தான் அனுப்பி வைக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மடல். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஒரு குடிநோயாளியின் அக்காவாகவும் இருக்கிறேன்.

என் தம்பி கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவன். பத்து ஆண்டுகளாக இரவில் ஒரு குவார்ட்டர், பிறகு இரண்டு, கடைசியில் காலையிலும் கொஞ்சம் என்று ஆகியிருந்தது. மாலை போடப் போகிறேன் என்று அவனே சொன்னபோது வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். முந்தின நாள் இரவோடு குடியை விட்டான். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளித்து, மாலை வாங்கிக்கொண்டான். கர்ப்பூரத்தை ஒற்றிக்கொள்ளும்போது அவன் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பக்தி என்று நினைத்தேன். செவிலியரான நானே அப்படித்தான் நினைத்தேன்.

அன்று மாலை பஜனையில் சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடம்பு முறுக்கிக்கொண்டு கீழே விழுந்தான். அருள் வந்துவிட்டது என்று சிலர் கும்பிட்டார்கள். வாயில் நுரை கண்டதும் யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். பிறகுதான் ஒருவர் சொன்னார், "மாலை போட்டும் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான், சாமி தண்டித்துவிட்டார்" என்று. அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவியது. மூன்றாம் நாள் இரவு, மருத்துவமனைக் கட்டிலில், சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகச் சொல்லிக் கையால் தட்டிக்கொண்டே இருந்தான். பெற்ற தாயைப் பார்த்து யார் நீ என்று கேட்டான். எட்டு நாள் கழித்துத்தான் தெளிந்தான்.

குருசாமிகளே, என் தம்பி அன்று ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடியைத் திடீரென்று நிறுத்தியதால்தான் அவன் விழுந்தான்.

உடம்புக்குள் நடப்பதைக் காவடியாக வைத்துச் சொல்கிறேன். மூளையை மந்தப்படுத்துவது மதுவின் வேலை. நாள்தோறும் ஒரு பக்கத்தில் மது தொங்கினால், மூளை மறுபக்கத்தில் தன்னைத் தானே முடுக்கிவிட்டுக்கொண்டு எடையைச் சமன் செய்கிறது. பல ஆண்டுகள் இப்படிச் சமன் செய்து பழகிய பிறகு, ஒரே இரவில் மதுவை மட்டும் எடுத்துவிட்டால் காவடி மறுபக்கம் சரியாமல் என்ன செய்யும்? கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சியும் பாம்பும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். இதோடு, நீண்ட காலம் குடித்தவர்கள் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியில் ஏற்றாமல் விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாழாகலாம். வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது போதாது, தயமின் தாமதமின்றிப் போக வேண்டும் என்று எங்கள் வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடும் இரண்டு வேளைக் குளிர்ந்த நீர்க் குளியலும் இந்த நிலையில் இருப்பவரை இன்னும் வாட்டும்.

மாலை கேட்டு வருபவரைத் தனியே அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். தினமும் குடிக்கிறாயா? காலையில் கை நடுங்கி, அதை அடக்கக் குடிக்கிறாயா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவருக்கு முதலில் மருத்துவமனை, பிறகு மாலை. முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றாலும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை திடீரென்று முழுவதும் நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உங்கள் வாயால் இதைச் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விரதநாள் குறைந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை ஏறக்குறைய 58 நாட்கள் இருக்கின்றன. நடுக்கம் தெரியாமல் குடியை இறக்க, மருத்துவர்கள் தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன்பின் மாலை போட்டாலும் 41 நாள் முழுதாகக் கிடைக்கும். ஜோதிக்குப் போகும் குழுவோடு அவர் இருமுடி கட்டலாம். விரதத்தில் மாத்திரை கூடாது என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

"அளவாகத்தான் குடிக்கிறேன், ஒரு குவார்ட்டர்தான்" என்ற பதில் உங்களுக்குக் கிடைக்கும். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம். கணக்குப் போட்டால் அதில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அதை மிகைக்குடி என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நம் ஊரில் அளவு என்று பெயர் வாங்கியிருக்கும் அந்தப் பாட்டில், அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது.

உடம்பைவிட மனத்தைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது. கவலையை மறக்கக் குடிக்கிறேன் என்பார்கள். குடித்ததும் தூக்கம் வருவது உண்மைதான். ஆனால் போதை இறங்கும் பின்னிரவில் விழிப்புத் தட்டிவிடும். இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, காரணம் தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும் எத்தனை ஆண்களை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம்! அந்தப் படபடப்பு முந்தின இரவுக் குடி விட்டுச்சென்றது. அதை அடக்க மறுபடியும் குடிக்கிறார்கள். நாளாக ஆக எதிலும் பிடிப்பில்லாமல் போகிறது, அழுகை வருகிறது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. போதையில் அந்த நினைப்பு செயலாகிவிடும் ஆபத்து மிக அதிகம். சிலருக்கு மனைவி மீது சந்தேகம் முளைக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், பால்காரரிடம் பேசினாலும் அடிப்பார்கள். ஊர் இதைக் குணக்கேடு என்கிறது. குடி கொண்டுவரும் மனநோய்களில் இதுவும் ஒன்று என்பதை நான் வார்டில் கண்டிருக்கிறேன். நோய் என்பதால் அடி வலிக்காமல் போய்விடாது. அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் முதலில் வேண்டும்.

குடியால் வந்த மனச்சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலோருக்குத் தானே விலகத் தொடங்குகிறது. மண்டல விரதத்தின் பாதியில் "சாமி முகத்தில் களை வந்துவிட்டது" என்று சொல்கிறோமே, அதற்குள் இதுவும் அடங்கியிருக்கிறது. நாலு வாரம் தாண்டியும் முகம் தெளியாதவர் இருந்தால் கவனியுங்கள். அவருக்குக் குடிக்கு முன்பே மனநோய் இருந்திருக்கலாம். அதை ஆற்றவே குடித்திருக்கலாம். அவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்று 14446 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனைப் படியேறாத மற்ற 37 பேரில் எத்தனை பேர் உங்கள் மடத்துப் படியேறுகிறார்கள் என்று யோசித்துத்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

நடுக்கம் இல்லாதவர்கள், வாரத்தில் சில நாள் குடிப்பவர்கள், தாங்களாகவே குறைக்க முடியும். என்ன குடித்தோம் என்று தினமும் நோட்டில் எழுதினாலே பலர் திடுக்கிட்டுக் குறைக்கிறார்கள். வீட்டில் பாட்டில் வைக்கக் கூடாது. சனிக்கிழமைக் கூலியைக் கடை இருக்கும் தெருவைத் தாண்டுவதற்கு முன்பே வீட்டில் கொடுத்துவிட வேண்டும். முடிந்தால் வேறு தெரு வழியாக வர வேண்டும். வெறும் வயிற்றில் வேட்கை கூடும், ஆகவே வேலை முடிந்ததும் சாப்பிட்டுவிடுவது நல்லது. அந்த வேட்கை அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த அரைமணி நேரத்துக்குத் தொலைபேசியில் ஒரு துணை வேண்டும். உங்கள் குழுவில் அப்படி ஒருவரை நியமிக்க முடியாதா?

இன்னொன்று. குடியை மறக்கடிக்கும் என்று சொல்லிச் சோற்றில் தெரியாமல் கலக்கும் பொடியைத் தயவுசெய்து யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்பிரம் போன்ற மருந்து கலந்திருந்து, அதன் மேல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த மருந்தை, சாப்பிடுபவர் அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். குடி வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகளும் உண்டு.

மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றும் நாளுக்கு நான் இப்போதே அஞ்சுகிறேன். நண்பர்கள் காத்திருப்பார்கள். 41 நாள் ஓய்ந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. பழைய அளவைக் குடித்தால் அதுவே ஆபத்து. தை மாதத்திலும் சனிக்கிழமை பஜனையை நிறுத்தாமல் நடத்துங்கள். மாலை இல்லாதவரையும் "சாமி" என்றே கூப்பிடுங்கள். என் தம்பி தை மாதத்தில் ஒருமுறை சறுக்கினான். அவனுடைய குருசாமி வீட்டுக்கே வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், அடுத்த வார பஜனைக்கு விளக்கேற்ற அவனைத்தான் வரச் சொன்னார். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளாக அவன் குடிக்கவில்லை.

கார்த்திகைக்கு முந்தைய ஞாயிறன்று, மாலை போடப் போகிறவர்களின் பெயரை எழுதுவீர்கள் அல்லவா? எங்கள் ஊர் மடத்தில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். இரத்த அழுத்தக் கருவியோடு நான் வந்து உட்காருகிறேன். தம்பியும் வருகிறான்.

இப்படிக்கு,
ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியர்