சென்னை சபாச் செயலாளர்களுக்கு: மார்கழியில் ஒரு மணி நேரம் தாருங்கள்

மதிப்பிற்குரிய செயலாளர்களே,

வணக்கம். மயிலாப்பூரில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் மார்கழி சங்கீத சீசன் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்வதற்குள் ஒன்று கேட்க வேண்டும்.

உங்கள் மேடைகளில் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனை ஒலிக்காத நாள் அபூர்வம். அவற்றை ஸ்வரப்படுத்தி எழுதிவைத்த சுப்பராம தீட்சிதரின் பெயரைத்தான் காணோம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். சுப்பராமர் பிறந்ததே 1839இல். முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், தம் மகள் வயிற்றுப் பேரனான இவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். பாட்டும் வீணையும் அவரிடம் கற்றதுதான்.

குடும்பச் சொத்தான கீர்த்தனைகளை அச்சில் ஏற்றச் சுப்பராமர் முதலில் தயங்கினார் என்பார்கள். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு முறையில் எழுதி அச்சிட்ட சென்னைவாசி சின்னசுவாமி முதலியார் விடவில்லை. எட்டயபுரம் ராஜாவும் கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் எழுதினார். 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற அந்த நூல் தெலுங்கில் வெளிவந்தது. 1906இல் காலமானார்.

போன மாதம் அதன் தமிழ்ப் பதிப்பை ஒரு மாணவிக்குப் பிரித்துக் காட்டினேன். ஸ்வரங்களின் தலைமேல் நெளிகோடு, அங்கங்கே சாய்கோடு. “இதெல்லாம் என்ன மாமி?” என்றாள். நெளிகோடு கம்பிதம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது; சாய்கோடு ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது என்று சொல்லி, வீணை மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து அசைக்கச் சொன்னேன். நாலைந்து தடவை பிசகியது. பிறகு காந்தார ஸ்வரம் ஆட வேண்டிய அளவுக்கு ஆடியது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்வரத்தை மட்டும் எழுதியிருந்தால் அந்த அசைவு நமக்கு ஏது?

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து பாடம் சொன்னார். டி.எல்.வெங்கடராம ஐயரும் பாடகி டி.கே.பட்டம்மாளும் அவரிடம் கற்றவர்கள். அந்த வழியாக இந்த ஊர் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல.

சீசனில் ஒரு காலைப் பொழுது, ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வித்வான் ஒருவர் அந்த நூலைப் பிரித்து வைத்து, ஒரு கீர்த்தனையை அதில் உள்ளபடி பாடட்டும். இன்று பாடுகிறபடியும் பாடிக் காட்டட்டும். எங்கே மாறியிருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே கேட்டுக்கொள்வார்கள். முன்வரிசையை அவர்களுக்கு விடுங்கள், டிக்கெட் வேண்டாம். அழைப்பிதழில் சுப்பராம தீட்சிதர் என்று பெயர் போடுங்கள். சின்ன ஹால் போதும். பாய் விரித்து உட்கார நாங்கள் தயார்.

அன்புடன்,
மயிலாப்பூர் வீணை ஆசிரியை