எலெக்ட்ரிக் கிட்டார் செய்யக் கிளம்பிய தம்பிக்கு: நெக்கில் தொடங்கு

அன்புள்ள பிரபு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. பாடியின் வளைவுகள் நன்றாக வந்திருக்கின்றன, கொம்பு இரண்டும் எடுப்பாக இருக்கின்றன. ஆனால் படத்தில் நடுக்கோடு இல்லை, ஸ்கேல் நீளம் (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து பாடியில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ்வரை உள்ள தூரம்) இல்லை, பிரிட்ஜ் உட்காரும் இடமும் இல்லை. இந்த மூன்றையும் குறிக்காமல் மரவாடிப் பக்கம் போய்விடாதே.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பாடி கொஞ்சம் கோணினால் கண்ணுக்குத்தான் உறுத்தும். விரல் ஓடும் கழுத்தான நெக்கில் அரை மில்லிமீட்டர் பிசகினால் ஸ்வரம் விலகும், கம்பி இரையும், வாசிப்பவன் கை வலிக்கும். பெரும்பாலானவர்கள் ஆசையாகப் பாடியை முதலில் அறுத்து, பாலிஷ்வரை போட்டுவிட்டு, பிறகு நெக்கை அதில் பொருத்தப் போராடுவார்கள். நீ தலைகீழாகப் போ. நெக்கை முடி. அதன் அடிப்பகுதியை வெர்னியரில் அள. அதற்குப் பிறகு பாடியில் குழி வெட்டு.

முதல் கிட்டாருக்கு டெலிகாஸ்டர் அமைப்பையே எடுத்துக்கொள். வெளி வடிவம் உன் இஷ்டம். 1950இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பு அது: தட்டையான ஒரு பலகை, அதில் நான்கு திருகில் பூட்டிய நெக், பின்பக்கம் சாயாத தட்டைத் தலை. நெக் கெட்டால் அதை மட்டும் கழற்றி வேறு செய்துகொள்ளலாம். கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் வகையில் நெக்கைக் கோணம் பார்த்துப் பாடியோடு ஒட்டிவிட வேண்டும். கோணம் ஒரு டிகிரி தப்பினாலும் பிரிட்ஜ் உயரம் ஒத்துவராது. ஒட்டியதைப் பிரிப்பதும் சுலபமில்லை. அது மூன்றாவது கிட்டாருக்கு இருக்கட்டும்.

மரத்தைப் பற்றி நீ நிறையக் கேட்டிருக்கிறாய். பாடி மரத்தால் சத்தம் எவ்வளவு மாறும் என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்) கம்பியும் அதைவிடப் பல மடங்கு மாற்றும். எடையைப் பார். 45 மி.மீ. கனத்தில் தேக்கில் செய்தால் பாடி மட்டும் ஏறக்குறைய 2.8 கிலோ வரும். மற்றதெல்லாம் சேர்ந்தால் நாலு கிலோவைத் தாண்டி, தோளை அழுத்தும். குமிழ் மரம் தேக்கைவிட இலேசு, வளையாது, உளிக்கும் நன்றாகக் கொடுக்கும். பாடிக்கு அதுவே போதும். அகலமான ஒரே பலகை கிடைக்காவிட்டால் இரண்டை நடுவில் ஒட்டிக்கொள். ஒட்டு நடுக்கோட்டிலேயே விழுந்தால் கோடு போடும் வேலையும் மிச்சம்.

நெக்குக்குத் தேக்கு நல்லது. அதிலும் இடித்த வீட்டின் பழைய உத்தரமோ நிலையோ கிடைத்தால் விடாதே. காரைக்குடிப் பக்கம் பழைய பர்மா தேக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயும் அவர் அப்பாவும் 1963இல் வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கியபோது, நெக்குக்கு எடுத்தது ஒரு பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். பல வருடம் காய்ந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தம் வைத்துத் தடவிப் பார்க்காமல் ரவுட்டரை (பள்ளம் வெட்டும் மின்கருவி) வைக்காதே. 700 × 90 × 25 மி.மீ. துண்டு வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓட வேண்டும். பாதியில் சரிந்து வெளியேறினால் அந்த இடத்தில் ஒடியும். கணு கூடாது. புது மரமாக இருந்தால் வீட்டுக்குள் வைத்து வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வை. எடை இறங்குவது நின்ற பிறகு தொடு. ஐப்பசி, கார்த்திகையில் நெக் வேலையே வேண்டாம்.

நெக்கின்மேல் ஒட்டும் விரல்பட்டையான ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி மரம், அதாவது தோதகத்தி. உலகத்துக் கிட்டார்கள் பலவற்றில் ஏறியிருப்பது நம் பக்கத்துத் தோதகத்திதான். தமிழ்நாட்டில் அந்த மரத்தைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள், அதனால் பில் போட்டுத் தரும் கடையில் 500 × 65 × 6.5 மி.மீ. பட்டையாகவே வாங்கிக்கொள். இழைக்கும்போது முகமூடி போடு. அதன் தூள் பலருக்கு அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொடுக்கும்.

இனி ஃப்ரெட் கணக்கு, அதாவது அந்தப் பட்டையில் பதிக்கும் உலோக மெட்டுகளின் இடம். ஸ்கேல் 648 மி.மீ. என்று வைத்துக்கொள். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37, நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் அவ்வளவு தூரம். மிச்சம் 611.63ஐ மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்த இடைவெளி 34.33. இப்படியே 22 வரை. 12ஆவது சரியாக 324இல் விழ வேண்டும், 22ஆவது 466.2 அருகில். கணக்கு இப்படி அடுக்காக வந்தாலும் குறிக்கும்போது ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளக்காதே. ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. தவறினாலும் கடைசியில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். எல்லாவற்றையும் நட் முனையிலிருந்தே அள. அளவுகோலை நகர்த்தாமல் கத்தி முனையால் குறி. பென்சில் கோடே அரை மில்லி தடிமன். ஒரே அளவு பிசகும் மேலே போகப் போக அதிகம் வலிக்கும்: முதல் ஃப்ரெட்டில் 0.3 மி.மீ. விலகினால் ஒரு சென்ட்கூட (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) மாறாது, 20ஆவதில் அதுவே இரண்டரை சென்ட். வீணையில் மெழுகை இளக்கி மெட்டைத் தள்ளிக்கொள்ளலாம். இதில் அறுத்தது அறுத்ததுதான்.

வெட்டுக்கு 0.58 மி.மீ. அகலம் விழும் ஃப்ரெட் ரம்பம் வாங்கு. சாதாரண ஹேக்சா பிளேடு வேண்டாம். வெட்டு அகலமானால் ஃப்ரெட் கிளம்பிக்கொண்டே இருக்கும். ரொம்ப இறுக்கமானால் 22 ஃப்ரெட்டும் 22 ஆப்பு மாதிரி இறங்கி நெக்கைப் பின்பக்கம் வளைத்துவிடும். இரண்டையும் வீணான துண்டில் அறுத்து, ஒரு ஃப்ரெட்டை அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்.

ஆழத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். பட்டை தட்டையாக இருக்கும்போது 3 மி.மீ. ஆழம் அறுத்து, பிறகு 241 மி.மீ. ஆரத்துக்கு மேல்பக்கத்தை உருட்டித் தேய்ப்பாய். 56 மி.மீ. அகலமுள்ள இடத்தில் ஓரத்தில் 1.6 மி.மீ. போய்விடும். நடுவில் 3 இருக்கும், ஓரத்தில் 1.4தான் மிஞ்சும். ஃப்ரெட்டின் அடித்தண்டு அங்கே தரை தட்டி, நுனி இரண்டும் எழும்பி நிற்கும். சுத்தியலால் எவ்வளவு அடித்தாலும் இறங்காது. பலர் அப்போது பசையை ஊற்றுவார்கள். தேய்த்த பிறகு அதே ரம்பத்தால் ஒவ்வொரு வெட்டையும் ஓரம்வரை மறுபடி ஆழப்படுத்தி, தூளை ஊசியால் கிண்டி எடு.

ட்ரஸ் ராடு, அதாவது நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி, இருபக்கமும் வேலை செய்யும் வகை, 440 மி.மீ. நீளம். அதற்கான பள்ளம் 6 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழம், கையிலிருக்கும் ராடை அளந்து அதற்கேற்ப வெட்டு. ஆடினால் வாசிக்கும்போது உள்ளே கிணுகிணுக்கும். நடுவில் ஒரு சொட்டு சிலிக்கோன் விட்டால் போதும். மேலே ஒரு நீள டேப் ஒட்டி, ஃபெவிகால் தடவி, கடைசியில் டேப்பை உரித்துவிட்டுப் பட்டையை வை. பசை ராடின் திருகுக்குள் போனால் நெக் குப்பைக்குத்தான். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடை. கிளாம்ப் இறுக்கும்போது பட்டை வழுக்கி நகரும்; இரண்டு ஃப்ரெட் வெட்டுகளின் அடியில் மெல்லிய ஆணி இறக்கி நிறுத்திக்கொள், காய்ந்ததும் பிடுங்கிவிடலாம். ஒரு நாள் கிளாம்பில், பிறகு மூன்று நாள் சும்மா. பசையின் தண்ணீர் வெளியேறும்வரை நெக் வளைந்த மாதிரி காட்டும். பயப்படாதே, அந்த நேரத்தில் தேய்த்து நேராக்கவும் முயலாதே.

நெக்கின் கனம் முதல் ஃப்ரெட்டில் 21, 12ஆவதில் 23 மி.மீ., அடிப்பகுதியில் 25.4. தலை 14. நட்டில் அகலம் 42, கடைசியில் 56. ஃப்ரெட் அடிக்கும் முன் ராடைத் திருப்பிப் பட்டையை நேராக்கு. ஃப்ரெட் கம்பியைப் பட்டையின் ஆரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, முதலில் இரண்டு நுனி, பிறகு நடு என்று அடி. எல்லாம் இறங்கியதும் மார்க்கரால் ஃப்ரெட்டுகளின் உச்சியில் மை பூசி, நேரான நீளக் கட்டையில் 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேய். எல்லாவற்றிலும் மை ஒரே மாதிரி அழிந்தவுடன் நிறுத்து.

இப்போது பாடி. 12 மி.மீ. எம்.டி.எஃப். டெம்ப்ளேட், ஜிக்சா, பேரிங் வைத்த பிட், இது எளிது. கொம்பின் நுனியில் ரேகை குறுக்கே வரும் இடத்தில் மட்டும் ரவுட்டர் மரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும், அங்கே முதலிலேயே ஜிக்சாவால் நெருக்கி அறுத்துவிடு. எங்கும் ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் இறக்காதே.

நெக் குழிக்குக் கடை டெம்ப்ளேட்டை நம்பாதே. செய்து முடித்த நெக்கையே பாடியின் நடுக்கோட்டின்மேல் வைத்து, அதன் இரு பக்கமும் அடிமுனையும் ஒட்டி மூன்று எம்.டி.எஃப். பட்டைகளைப் பொருத்து. நெக்கை எடுத்துவிட்டால் நிற்பதுதான் உன் டெம்ப்ளேட். ஆழம் 16 மி.மீ. திருகு போடாமலே நெக்கைத் தூக்கினால் பாடியும் கூட வர வேண்டும், அதே நேரம் பக்கத்தில் ஒரு தாள் நுழையும் இடமும் வேண்டும். அதைவிட இறுக்கமாக வைத்தால் வார்னிஷ் ஏறிய பிறகு நெக்கை அழுத்தும்போது குழியின் ஓரம் விரியும். திருகு நான்கு, 45 மி.மீ. நீளம். பாடியில் 4.5 மி.மீ. துளை, திருகு அதில் சும்மா வழுக்கிப் போக வேண்டும். நெக்கில் 3.2. பாடியிலும் மரை பிடித்தால் நெக்கும் பாடியும் இடைவெளியோடு நின்றுவிடும். தேக்கில் இறக்கும்முன் திருகில் சோப்பைத் தேய்த்துக்கொள்.

பிரிட்ஜுக்குத் துளை போடுவதற்கு முன் இரண்டு நூல் எடு. நட்டில் இரண்டு ஓரக் கம்பிகள் இருக்கும் இடத்திலிருந்து பிரிட்ஜின் ஓரச் சேடில்கள்வரை (கம்பி உட்காரும் சிறு துண்டுகள்) இழுத்துக் கட்டு. ஃபிங்கர்போர்டின் இரு விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் பிரிட்ஜைத் தட்டி நகர்த்து, நடுக்கோட்டை நம்பி அடம்பிடிக்காதே. நீளவாக்கில், மெல்லிய ஈ (E) கம்பியின் சேடிலை ஏறக்குறைய முழுக்க முன்னால் திருகி, அது நட்டிலிருந்து 648இல் நிற்கும்படி வை. மற்ற சேடில்கள் பின்னால் போகும். தடித்த ஈ அதைவிட மூன்று, நாலு மில்லிமீட்டர் பின்வாங்கும். ஆறையும் 648இல் வைத்துப் பிரிட்ஜை அறைந்தவர்களுக்குப் பின்னால் போக இடமிருக்காது.

வயரிங் சின்ன வேலை. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள்) 500 கிலோ ஓம் பாட், அதாவது வால்யூம், டோன் குமிழின் அடியிலிருக்கும் மின்தடை. டோன் கப்பாசிட்டர் 0.047 அல்லது 0.022 மைக்ரோ ஃபேரட். சால்டரும் வயரும் கப்பாசிட்டரும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். பாட்டின் முதுகில் பற்ற வைக்க 60 வாட் இரும்பு வேண்டும். 25 வாட்டில் நேரம் பிடித்து உள்ளிருக்கும் கார்பன் பாதை வெந்துவிடும். குழி முழுக்கச் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு சேர், பிரிட்ஜ் அடியிலிருந்தும் ஒரு வயர் இழு. கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டும். கம்பி போடுவதற்கு முன் ஆம்ப்பில் சொருகி ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார். இரண்டு பிக்கப்பும் சேரும்போது மட்டும் சத்தம் ஒல்லியாக வந்தால், ஒன்றின் இரண்டு வயரையும் மாற்றிப் போடு. அந்த பிக்கப்புக்கு உலோக மூடி இருந்தால், முதலில் மூடியின் எர்த்தைத் தனியாகப் பிரித்துக்கொள். இல்லாவிட்டால் மூடியே ஆன்டெனா ஆகிவிடும்.

பாலிஷ் உன் விருப்பம். மழை நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்தால் வெள்ளை பூக்கும், நெக் குழிக்குள் எதையும் அடிக்காதே, ஃபிங்கர்போர்டுக்கு எண்ணெய் போதும்.

10–46 செட் (மெல்லியது 0.010, தடித்தது 0.046 அங்குலம்) ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை 45 கிலோவுக்கு மேல் இழுக்கும். சுருதி ஏற்றி ஒரு நாள் விட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து ஏழாவதில் இடைவெளி பார்: 0.2 மி.மீ. வரும்படி ராடைக் கால் திருகாகத் திருப்பு. பிறகு 12ஆவதில் கம்பி உயரம் மெல்லிய பக்கம் 1.6, தடித்த பக்கம் 2. நட்டின் பள்ளங்களை அராவும்போது, மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்குமேல் தாள் நுழையும் அளவே இடைவெளி இருக்கட்டும். அதற்குக் கீழே அறுத்துவிட்டால் கம்பி இரையும், புது நட்தான் போட வேண்டும். அதற்கான அரங்களை நீ வாங்க வேண்டாம், விலை அதிகம், இன்னொரு முறை தேவைப்படவும் நாளாகும். என்னிடம் இருக்கும் செட்டைப் பார்சலில் அனுப்புகிறேன். முகவரியைப் பின்கோடோடு எழுது.

அன்புடன்,
அண்ணன்