ஆட்டிசம் உள்ள எங்கள் பிள்ளைகள் தலையில் கை வைக்கும் முன்: ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் பாஸ்டர்களுக்கும் ஒரு மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களே, பங்குத்தந்தையரே, பாஸ்டர்களே, சபைக் கமிட்டியாரே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே,

ஸ்தோத்திரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் அவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் சிறப்பாசிரியர்களும் சேர்ந்து எழுதுகிறோம். உங்கள் ஜெபக் குறிப்பில் எங்கள் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, நன்றி. அந்தப் பெயருக்குரிய பிள்ளையோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க செருப்பு விடும் இடத்தில் அம்மாவோடு நிற்கிறது.

ஆட்டிசத்துக்குப் பிசாசுதான் காரணம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வரும் அசுத்த ஆவி பிடித்த பையனைக் காட்டி எங்கள் பிள்ளைகளுக்கு உபவாச ஜெபம் குறிக்கிறவர்கள் உண்டு. நுரை தள்ளுவதும் பல்லைக் கடிப்பதும் விழுந்து புரள்வதும் படித்தால் மருத்துவருக்கு வலிப்புதான் நினைவுக்கு வரும். ஆட்டிசம் வேறு. அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒன்று. ஆனால் ஆட்டிசத்தோடு வலிப்பும் உள்ள பிள்ளைகள் நிறையப் பேர். "விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்துங்கள்" என்று மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆட்டிசம் உள்ள 8 வயதுப் பையனைத் தரையில் கிடத்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். மூச்சு முட்டிச் செத்தான். ஜெபம் நடத்தியவர் சிறைக்குப் போனார். பிள்ளையைப் பிடித்து அமுக்கி ஜெபிப்பதைத் தயவுசெய்து எந்தச் சபையிலும் அனுமதிக்காதீர்கள்.

"கர்ப்பத்தில் என்ன செய்தாய், குடும்பத்தில் சாபம் ஏதும் உண்டா" என்று தாயைக் கேட்பதையும் விட்டுவிடலாம். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டது இதே கேள்விதான்; இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று மூன்றாம் வசனத்தில் இயேசுவின் பதிலும் வந்துவிட்டது.

எங்களுக்குப் பிடித்த வசனம் மாற்கு 7:33. காது கேளாதவனை இயேசு கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். நம் ஆலயங்களில் நடப்பது நேர்மாறு. இரைச்சல் மிகுந்த கூட்டத்தின் நடுவே, பத்துக் கைகளுக்குக் கீழே, பிள்ளையை நிறுத்துகிறோம்.

இவர்களில் பலருக்கு ஒலியும் தொடுகையும் வாசனையும் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். மைக் 'கீ...' என்று அலறும் அந்த ஒரு நொடி நமக்கு எரிச்சல், அவர்களுக்கு வலி. அடுத்த அலறல் எப்போது வருமோ என்ற பயத்திலேயே மீதி ஆராதனை போய்விடும். மைக் சோதனையை ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே இல்லாமல், பக்கக் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சை இவர்களுக்கு ஒதுக்குங்கள். பிள்ளை காதை மூடும் பெரிய ஹெட்போன் போட்டிருந்தால் "பாட்டு கேட்கிறானா" என்று முறைக்க வேண்டாம், அது சத்தத்தைக் குறைப்பதற்கு. ஓய்வுநாள் பள்ளி அறை ஒன்றில் பாய் விரித்து, விளக்கைக் குறைத்து வைத்தால் தாங்க முடியாதபோது பத்து நிமிடம் இருந்துவிட்டு வருவான். அந்த அறைக்கு அனுப்புவது தண்டனை ஆகிவிடக் கூடாது.

எண்ணெய் பூசும்போதும் இதே கவனம் வேண்டும். நெற்றியில் விரல் நுனியால் லேசாகத் தொடுவதுதான் பலருக்குக் கூசும். மெல்லிய தொடுகையைவிட அழுத்தமான தொடுகையைத் தாங்குவார்கள். பின்னாலிருந்து வராமல் முன்னால் வந்து, எண்ணெய்க் குப்பியைக் காட்டி, உள்ளங்கையில் பூசினால் போதும். கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். தொடாமல் ஜெபித்தாலும் ஜெபம்தான்.

வீட்டு ஜெபத்துக்கு எட்டுப் பேராக இரவு எட்டு மணிக்கு வராதீர்கள். இரண்டு பேர், பதினைந்து நிமிடம், முந்தின நாளே சொல்லிவிட்டு. வருகிறவர் படத்தை அனுப்பினால் பெற்றோர் பிள்ளைக்குக் காட்டி வைப்பார்கள். கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை என்று அதட்ட வேண்டியதில்லை. அசைந்தாடிக்கொண்டே கேட்கிற பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பல வீடுகளில் நடக்கிற ஜெபம் இரண்டே நிமிடம்தான்: தினமும் ஒரே பாய், ஒரே பாட்டு, ஒரு வசனம், ஆமென். நான்குக்கும் நான்கு பட அட்டைகள். வரிசை மாறினால் அழுகை. நீங்கள் வந்தாலும் அந்த வரிசையிலேயே ஜெபியுங்கள்.

திருவிருந்துக்கு வருவோம். அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது பொறுக்காமல் பிள்ளை துப்பினால் சபையே திரும்பிப் பார்க்கும். முன்கூட்டியே அர்ச்சிக்காத அப்பம் சிலவற்றைப் பெற்றோரிடம் கொடுங்கள். முதல் வாரம் கால் துண்டு, பிறகு அரை, பிறகு முழுசு என்று பழக்கிவிடுவார்கள். கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஒரு நினைவூட்டல்: அவசியமானால் அப்பம் இல்லாமல் திராட்சை இரசம் மட்டுமே தரலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 925. குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு ஏற்ற மறைக்கல்வி தரச் சொல்கிறது 777. விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கவில்லை என்று புதுநன்மையையோ (முதல் திருவிருந்து) திடப்படுத்தலையோ (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) தள்ளிப்போடும்போது, பேச்சே வராத பிள்ளையிடம் என்ன கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டும். இது சாதாரண ரொட்டி இல்லை என்று படத்தைத் தொட்டுக் காட்டினால் அதுவும் பதில்தான்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்று பாடும்போது சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் பிள்ளை நிஜ இரத்தத்தை நினைத்து நடுங்கலாம். நரக அக்கினியும் அப்படித்தான். "இயேசு உன்னை மன்னித்தார்" என்று நேராகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை கேட்கிறோம், பிள்ளைக்குத்தான். அன்றைய ஆராதனையில் பாடும் பாமாலைப் பாட்டுகளின் எண்களைப் பலகையில் மாட்டும் வேலை. எண்களில் மூழ்கிப்போகிற பிள்ளைகள் எங்களில் பலருக்கு உண்டு. ஆலயம் நிறையும் முன், அமைதியாக இருக்கும்போது, எண் அட்டைகளைத் தேடி எடுத்து வரிசையாகச் செருகலாம். ஆராதனை எந்தப் பாட்டில் தொடங்கி எதில் முடியும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கும். அட்டைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், சனிக்கிழமையே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் கடைசி பெஞ்சுப் பெற்றோரும் ஆசிரியர்களும்