அடிபம்பைக் கழட்டிப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மிக்ஸி கிரைண்டர் வாஷிங் மெஷின்னு எல்லாத்துக்கும் அடிமையாகிட்டோம், அம்மியில அரைச்ச ருசி வருமான்னு வாசகர் ஒருத்தர் உங்க பேப்பர்ல எழுதியிருந்தாரு. ஐயா நீங்க என்னிக்காவது அம்மியில வரமொளகா அரைச்சிருக்கீங்களா? அரைச்ச கை ராத்திரி பூரா எரியும், கொழந்தைய தூக்கக்கூட யோசிக்கணும். 2011ல கவர்மெண்ட்டு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுத்தப்போ ஓசிக்கு அலையுதுங்கன்னு பேசினவங்க எல்லாம் அனேகமா அரைக்காத ஆளுங்கதான், எங்க தெருவுல அது வந்தப்புறம்தான் நெறைய பொம்பளைங்க சாயங்காலத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து பேசுனாங்க. அதனால அந்த மெஷினை எல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் இல்லாம மிக்ஸி ஓடலன்னா கஞ்சிய வெச்சு தொட்டுக்க ஊறுகாயோட முடிச்சுக்கலாம், ஒண்ணும் குடி முழுகிடாது.

தண்ணி மோட்டார் விஷயம் அப்படி இல்ல.

நான் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சதை இங்க யாரும் மறக்கல. தென்னை போச்சு, ஓடு போச்சு, டெல்டா பூரா சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் சாஞ்சிருச்சு. கேரளாவுல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து நம்ம லைன்மேன்களோட வயல் சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம், ஆனா கிராமத்துக்கு கரண்ட் வர வாரக்கணக்குல ஆச்சு. இருட்டுல இருந்துடலாங்க, அது பழக்கம்தான். மறுநாள் காலையில மாடி டேங்க் காலியானப்புறம்தான் எல்லாருக்கும் உதறல் எடுத்துச்சு. வீட்டுக்குள்ள டாய்லெட்டு இருக்கு, ஊத்த ஒரு வாளி தண்ணி இல்ல. போர்வெல்ல தண்ணி கெடக்கு, ஆனா அந்த குழாய்க்குள்ள வாளியா விட முடியும்? கொல்லையில கெடந்த கெணத்தை என்னிக்கோ மூடி செப்டிக் டேங்க் ஆக்கியாச்சு, ராட்டினம் பழைய இரும்புக்குப் போயிருச்சு.

அப்பதான் டாட்டா ஏஸ்ல ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு தெருத்தெருவா வர ஆரம்பிச்சாங்க. ஒரு டேங்க் ரொப்ப இவ்ளோ, செல்போன் சார்ஜ் போட இவ்ளோன்னு ரேட்டு. சின்ன ஜெனரேட்டர் மோட்டாரை இழுக்காது, உறுமிட்டு நின்னுடும், பெருசு வர்றவரைக்கும் காத்துக் கெடக்கணும், காசு இல்லாதவங்க பாடு சொல்லவே வேணாம். அந்த நேரத்துல மொத்தத் தெருவுக்கும் கை குடுத்தது மாரியம்மன் கோயில் பக்கத்துல இருந்த ஒரே ஒரு அடிபம்பு. அதுவரைக்கும் ஆடு கட்டத்தான் ஆச்சு அது. மொதல்ல செவப்பா துருத்தண்ணி வந்துச்சு, அடிக்க அடிக்க தெளிஞ்சுது, விடிய விடிய டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

இப்ப அந்த பம்பு இல்ல. மேல் பாகத்தைக் கழட்டிட்டு அதே போர்ல சப்மெர்சிபிள் மோட்டாரை எறக்கி பக்கத்துல சின்டெக்ஸ் டேங்க் வெச்சிட்டாங்க. கொடத்தைத் தூக்கிட்டு வந்து மூச்சு வாங்க அடிக்க வேண்டியதில்ல, குழாயைத் தொறந்தா கொட்டுது, வயசானவங்களுக்கு எவ்ளோ சௌகரியம், வேணாம்னு யாரு சொல்லுவா. ஆனா கரண்ட் போனா கோயில்கிட்டயும் இப்ப காத்துதான் வரும். எங்க ஊர்ல மட்டும் இல்ல, பக்கத்து ஊர்களுக்குப் போறப்பயும் பாக்குறேன், கைப்பிடி இல்லாத மொட்டைக் குழாயா நிக்குது.

அந்த அடிபம்பு ஒண்ணும் சாதாரண சாமான் இல்லங்க. இந்தியா மார்க் 2ன்னு பேரு, 1970கள்ல யுனிசெஃப் உதவியோட உருவாச்சு, அதை செஞ்சு குடுத்தது நம்ம மெட்ராஸ்ல இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஒர்க்‌ஷாப்பு, அப்புறம் எத்தனையோ நாட்டுக்குப் போச்சு. 150 அடி ஆழத்துல இருந்துகூட ரெண்டு பொம்பளைங்க மாறி மாறி அடிச்சு தண்ணி எடுத்துடலாம். அப்பப்ப செயினுக்கு கிரீஸ் போடணும், உள்ள வாசர் தேஞ்சா கம்பி, பைப்பெல்லாம் வெளிய இழுக்கணும், அதுக்கு நாலஞ்சு ஆளும் டூல்ஸும் வேணும், இந்த வேலைக்கு சோம்பல் பட்டுத்தான் பாதி எடத்துல கழட்டிப் போட்டாங்கன்னு நெனைக்கிறேன். மகாராஷ்டிரால ஒரே போர்ல சோலார் மோட்டாரையும் அடிபம்பையும் சேர்த்தே வெச்சிருக்காங்க, அப்ப இங்க மட்டும் ஏன் முடியாது?

இன்வெர்ட்டர் இருக்குல்லன்னு சிலர் சொல்றாங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல ரெண்டு ஃபேனு நாலு லைட்டு ஓடும், போர் மோட்டாரை அது எங்க இழுக்கும். அதோட கஜா வந்தப்ப எல்லார் கையிலயும் கொஞ்சம் ரூபாய் நோட்டு இருந்துச்சு, இப்ப டீக்கடை வரைக்கும் ஜிபே. டவர் படுத்துட்டா ஜெனரேட்டர்காரருக்கு எதை குடுப்பீங்க?

தெருவுக்கு ஒரு அடிபம்பையாவது ஓட்டத்துல வெச்சிருக்கணும்னு கவர்மெண்ட்டு ஊராட்சிகளுக்கு உத்தரவு போடணும், வருஷா வருஷம் ஆடி, ஆவணியிலயே வாசர் மாத்தி அடிச்சுப் பாக்கணும். எங்க தெரு பம்போட தலையும் கைப்பிடியும் ஊராட்சி ஆபீஸ் பின்னாடி சாக்குக்கு அடியிலதான் கெடக்கு, நான் பாத்தேன். ஐப்பசி மழை புடிக்கிறதுக்குள்ள அதை எடுத்து மாட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.